விவசாயியின் மடக்குக் கத்தி: பளபளப்பைப் பார்க்காதீர்கள், அலகைப் பாருங்கள்

அரிவாள் வாங்குவதில் நம் விவசாயிகளை யாரும் ஏமாற்ற முடியாது. கையில் எடுத்து எடை பார்ப்பார்கள், வளைவைப் பார்ப்பார்கள், விரலால் சுண்டி ஓசை கேட்பார்கள். திருப்பாச்சேத்தி அரிவாளா, உள்ளூர்ப் பட்டறையில் அடித்ததா என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். அதே விவசாயி, தினமும் இருபது முறை எடுத்துப் பயன்படுத்தும் மடக்குக் கத்தியை மட்டும் பேருந்து நிலையக் கடையில் தொங்குவதில் ஒன்றைக் கைகாட்டி வாங்கி வந்துவிடுகிறார். இரண்டு மாதத்தில் ஆணி தளர்ந்து அலகு ஆடுகிறது, கூர் மழுங்குகிறது. பிறகு அதே கடையில் அதே போல் இன்னொன்று.

சாத்தூர், அச்சங்குளம், வெம்பக்கோட்டை சுற்றுவட்டாரத்தில் மானாவாரிக் கரிசல் காட்டில் ஒரு நாள் வேலையை எண்ணிப் பாருங்கள். உர மூட்டையின் தையலைப் பிரிக்க வேண்டும். நைலான் கயிற்றை வெட்ட வேண்டும். சொட்டுநீர்க் குழாயை நறுக்கி இணைக்க வேண்டும். ஆட்டுக்குட்டிக்குக் குழை ஒடிக்க வேண்டும். சீமைக் கருவேல முள் செருப்பைத் தாண்டிக் காலில் ஏறினால் செருப்பிலிருந்து அதைப் பிடுங்க வேண்டும். மாடு கயிற்றில் சிக்கிக் கழுத்து இறுகினால் அந்த நிமிடமே அறுக்க வேண்டும். இதற்கெல்லாம் அரிவாள் பெரிது, பல்லும் நகமும் போதாது.

ஆகவே இது சில்லறை விஷயம் இல்லை. மட்டமான கத்தி மூன்று வகையில் நட்டம் தருகிறது: கையை வெட்டுகிறது, செடியைக் கெடுக்கிறது, திரும்பத் திரும்பக் காசைத் தின்கிறது.

நோயைக் காட்டும் கருவி

வேளாண் அலுவலர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. வயலுக்கு வரும்போது அலைபேசி இருக்கிறது, குறிப்பேடு இருக்கிறது. கத்தி இருக்கிறதா? பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாக்கியதா என்பது காயின் மேல்தோலைப் பார்த்தால் தெரியாது. புழு நுழைந்த துளை மூடிக்கொள்ளும். பச்சைக் காய்களைப் பறித்து அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். வாடல் நோய் கண்ட பருத்தித் தண்டை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடும். தண்ணீர் இல்லாமல் வாடிய செடியில் அது இருக்காது. இந்த ஒரு வெட்டு, தேவையில்லாத மருந்துச் செலவைத் தவிர்க்கும். வாழைக் கிழங்கை அறுத்துப் பார்த்தால்தான் பனாமா வாடல் நோயின் செம்பழுப்பு நிறம் தெரியும். மக்காச்சோளக் குருத்தைப் பிரித்துப் படைப்புழுவைத் தேடவும் கூரான அலகு வேண்டும்.

அதே கத்தி நோயைப் பரப்பவும் செய்யும். கரும்பில் மறுதாம்புக் கட்டை நோய் பரவும் முக்கிய வழியே கரணை வெட்டும் கத்திதான். எலுமிச்சையில் சொறிநோய் கண்ட கிளையைக் கவாத்து செய்த கத்தியோடு அடுத்த மரத்துக்குப் போனால் நோயும் கூடவே போகும். ஒரு மரம் முடிந்ததும் அலகைச் சாராயம் நனைத்த துணியால் துடைப்பது எளிய பழக்கம். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் போதும். ப்ளீச்சிங் கரைசலில் முக்குகிறவர்கள் உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும்; இல்லையென்றால் மறுநாள் அலகு துருப்பிடித்துக் கிடக்கும்.

மழுங்கிய கத்தியால் வெட்டிய கிளை நசுங்கும். நசுங்கிய இடம் ஆறாது, பூஞ்சணம் ஏறும். கொய்யா, மா, நெல்லியில் ஒட்டுக் கட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒட்டுக்கத்திக்கு ஒரு பக்கம் மட்டுமே சீவிய அலகு இருப்பதும் அதனால்தான். வெட்டு தட்டையாக இருந்தால்தான் குச்சியும் வேர்ச்செடியும் இடைவெளி இல்லாமல் ஒட்டும். மூட்டை பிரிக்கும் கத்தியை ஒட்டுக் கட்டவும் பயன்படுத்தாதீர்கள். அந்த வேலைக்கென்று தனியாக ஒன்று இருக்கட்டும்.

எஃகு எது நல்லது?

கடைக்காரர் "துருப்பிடிக்காது" என்பதையே பெரிய தகுதியாகச் சொல்வார். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருக்கும். நல்ல தரத்தில் செய்தால் அதுவும் அருமையான கத்திதான். ஆனால் மலிவு விலையில் வருவது பெரும்பாலும் கரண்டி செய்யும் தகடு. பளபளக்கும், கூர் நிற்காது. எவ்வளவு தீட்டினாலும் பத்து வெட்டில் பழையபடி ஆகிவிடும்.

கார்பன் எஃகு கறுக்கும், கவனிக்காவிட்டால் துருப்பிடிக்கும். ஆனால் சாதாரணக் கல்லில் ஐந்து நிமிடத்தில் கூர் ஏறும், ஏறிய கூர் நிற்கும். நம் கொல்லர்கள் லாரி வில்பட்டையில் அரிவாள் அடிப்பதும் இதே காரணத்தால்தான். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, பிறகு இளஞ்சூட்டில் பதப்படுத்தினால் கடினமும் கிடைக்கும், ஒடியாத தன்மையும் கிடைக்கும். பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய மடக்குக் கத்தி, விவசாயிகள் பையில் வைத்துக்கொள்ளும் கத்தியாகவே பேர் எடுத்தது. மரப்பிடி, மெல்லிய அலகு, 1955-இல் சேர்ந்த ஒரு பூட்டு வளையம், அவ்வளவுதான். இன்றும் அதில் கார்பன் எஃகு அலகு கிடைக்கிறது. நூறு ஆண்டுக்கு மேலாக நிற்கும் கத்தியில் அலங்காரம் ஏதும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

என் கருத்து இதுதான்: தினமும் துடைத்து வைக்கும் பழக்கம் உள்ளவருக்குக் கார்பன் எஃகு. பால் வியாபாரம், மீன், உப்புத் தண்ணீர் என்று எப்போதும் ஈரத்தில் புழங்குகிறவருக்குப் பேர் உள்ள நிறுவனத்தின் துருப்பிடிக்காத எஃகு. இரண்டுக்கும் நடுவில் பேரில்லாத பளபளப்பு யாருக்கும் வேண்டாம்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. அலகை விரித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கடகடவென ஆடினால் திரும்பக் கொடுத்துவிடுங்கள். அடித்து இறுக்கிய ஆணியை விடத் திருகாணி நல்லது. தளர்ந்தால் நாமே இறுக்கலாம்.

2. மடக்கிப் பாருங்கள். அலகு பிடியின் நடுவில் உட்கார வேண்டும். ஒரு பக்கம் உரசினால் கூர் தானாகவே கெடும்.

3. விரித்த நிலையில் பூட்டு விழுகிறதா? பூட்டு இல்லாமல் வில் தகட்டின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் கத்தியும் உண்டு. கயிறு அறுக்க அது போதும். ஆனால் குத்தி நெம்பும்போது அது மடங்கினால் விரலில்தான் விழும். விரல்களை விலக்கி வைத்துக்கொண்டு, அலகின் முதுகை மெல்ல அழுத்திப் பூட்டைச் சோதியுங்கள்.

4. அலகின் நீளம் மூன்று முதல் மூன்றரை அங்குலம் போதும். அதற்கு மேல் வேண்டிய வேலைக்கு அரிவாள் இருக்கிறது.

5. ரம்பப் பல் வைத்த அலகு வேண்டாம். அதை வீட்டில் தீட்ட முடியாது.

6. பொத்தானை அழுத்தினால் தெறித்து விரியும் கத்தி வேண்டாம். கரிசல் புழுதி உள்ளே போனால் வில் சிக்கும். காவலர் கண்ணிலும் அது வேறு மாதிரித் தெரியும்.

7. கையை நனைத்துக்கொண்டு பிடியைப் பிடித்துப் பாருங்கள். வழுக்கக் கூடாது. சிவப்பு, ஆரஞ்சுப் பிடி என்றால் காட்டில் விழுந்தாலும் கண்ணில் படும். தீவனத்தில் விழுந்த இரும்புத் துண்டு மாட்டின் வயிற்றைக் குத்தும் என்பதைக் கால்நடை மருத்துவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. மிளகாய் பறிப்பதும் வெள்ளரி அறுப்பதும் பெரும்பாலும் பெண்கள். கடையில் உள்ள கத்திகளின் பிடியோ ஆண்களின் கைக்கு ஏற்றது. வீட்டுப் பெண்களுக்கு வாங்கும்போது அவர்களையே கடைக்கு அழைத்துப் போய்ப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தீட்டத் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம்

கத்தியைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அதில் பாதி சாய்த்தால் 45 பாகை. இன்னும் பாதி சாய்த்தால் ஏறக்குறைய 22. அந்தச் சாய்வில் இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் போதும். இரண்டு பக்கம் உள்ள கல்லில் முதலில் சொரசொரப்பு, பிறகு நைசு. மின்சாரச் சாணையில் கொடுத்தால் ஜாக்கிரதை: அலகு சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் கூர் பிறகு நிற்காது. வேலை முடிந்ததும் துடைத்து, கீலில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். கூரான கத்தியை விட மழுங்கிய கத்திதான் அதிகம் கையை வெட்டும். அழுத்தம் கூடக் கூட அது வழுக்கும். வெட்டு ஆழமாக இருந்தாலோ, மண்ணும் சாணமும் பட்டிருந்தாலோ மஞ்சள் பற்று போட்டுவிட்டு இருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.

பட்டாசு ஆலை வாசலில்

நம் பகுதிக்கென்று ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மழை பொய்த்தால் காட்டு வேலை நிற்கும். அதே ஆள் பட்டாசு ஆலைக்குப் போவார். காலையில் காடு, பிறகு ஆலை என்று இருக்கிறவர்களும் உண்டு. வெடிமருந்து புழங்கும் இடத்தில் இரும்பும் எஃகும் கூடாது. உரசினால் பொறி பறக்கும். அங்கே மரம், பித்தளை, செம்புக் கருவிகள்தான் இருக்க வேண்டும். தீப்பெட்டி, அலைபேசி போலவே இடுப்பில் மறந்து கிடக்கும் மடக்குக் கத்தியும் உள்ளே போகக் கூடாத பொருள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் ஆலை விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்த ஊர் நம்முடையது. உராய்வு என்ற சொல்லை நாம் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆலை வாசலில் சோதனை செய்கிறார்களா என்று காத்திருக்க வேண்டாம். கத்தி வீட்டிலேயே இருக்கட்டும். ஆலை நடத்துகிறவர்களும் வாசலில் ஒரு பெட்டி வைத்து, இரும்புப் பொருளை வாங்கி வைத்து மாலையில் திருப்பிக் கொடுக்கலாம். பெரிய செலவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கத்தி வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமோ என்ற பயம் பலருக்கு உண்டு. 1959 ஆயுதச் சட்டம் வீட்டு, விவசாயப் பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்ட பொருட்களை ஆயுதம் என்ற வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. ஆயுத விதிகளிலும் 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகுகளே பட்டியலில் வருகின்றன. அங்கும் விவசாயக் கருவிக்கு விலக்கு உண்டு. மூன்று அங்குல மடக்குக் கத்தி அந்த அளவுக்கு வெகு கீழே. ஆனால் எந்தக் கத்தியானாலும் ஒருவரை மிரட்ட எடுத்தால் குற்றம்தான். குறைதீர் கூட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் போகும்போதும், நீதிமன்றம், திருவிழாக் கூட்டம் என்று போகும்போதும் வீட்டில் வைத்துவிட்டுப் போவதே முறை.

2021 செப்டம்பரில், கத்தி, அரிவாள் வாங்குகிறவர்களின் பெயர், முகவரி, அலைபேசி எண்ணைக் குறித்து வைக்கும்படி தமிழகக் காவல்துறை பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் அறிவுறுத்தியது. குற்றத்தைத் தடுக்க அது நியாயமே. விவசாயிகள் தயங்காமல் விவரம் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளலாம். காவலர்களும் காட்டிலிருந்து திரும்புகிறவரின் பையில் உள்ள சின்னக் கத்தியையும் ரௌடியின் இடுப்பில் உள்ள வாளையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது.

துறையிடம் ஒரு கோரிக்கை

கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் மானியத்தில் கொடுத்த கைக்கருவித் தொகுப்பில் கடப்பாரை, மண்வெட்டி, களைக்கொத்து, கதிர் அரிவாள், இரும்புச் சட்டி இருந்தன. நல்ல தொகுப்பு. அடுத்த முறை அதில் பூட்டு உள்ள ஒரு மடக்குக் கத்தியும் ஒரு தீட்டுக் கல்லும் சேரட்டும். தோட்டக்கலைத் துறை ஒட்டுக் கட்டும் பயிற்சி நடத்தும்போது கத்தி தீட்டுவதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கட்டும். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையமும் திருவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அங்குள்ள விஞ்ஞானிகளும் உள்ளூர்க் கொல்லர்களும் சேர்ந்து உட்கார்ந்தால், கரிசல் புழுதிக்குத் தாங்கும், பெண்கள் கைக்கும் பொருந்தும் ஒரு கத்தியை இங்கேயே செய்ய முடியும். வேலை குறைந்து பட்டறையை மூடிக்கொண்டிருக்கும் கொல்லர்களுக்கும் அது பிழைப்பாகும்.

அது வரும் வரை நாம் செய்யக் கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது, அரிவாளைப் பார்க்கும் அதே கண்ணால் மடக்குக் கத்தியையும் பாருங்கள். ஒன்று வாங்கினாலும் பல ஆண்டு உழைக்கும் கத்தியாக வாங்குங்கள்.