பள்ளிக்கூடமா? காட்சிசாலையா?

(மசினகுடிப் பக்கம் வேலை பார்த்த ஓர் உபாத்தியாயர் எழுதுவது)

"வேற்றுமையில் ஒற்றுமை" என்பதாக ஒரு வார்த்தை நம் நாட்டில் வெகு நாளாய் வழங்கி வருகிறது. பள்ளிக்கூட விழா என்றால் இந்த வார்த்தையைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கும் கனவான் கிடையாது. ஆனால் எந்த வேற்றுமை, அதனால் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்று கேட்டால் மாத்திரம் பதில் சொல்ல ஒருவரும் முன்வருவதில்லை. பல வருஷம் மசினகுடிப் பக்கத்தில் கரும்பலகை முன் நின்றவன் என்கிற முறையில், இதைப்பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுவது கடமையென்று கருதுகிறேன்.

மசினகுடி என்பது உதகையிலிருந்து கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் வரும் ஊர். முதுமலைக் காட்டை ஒட்டியது. இருளரும் குறும்பரும் அங்கே தலைமுறை தலைமுறையாய் வாழ்பவர்கள். 1932-ல் பைக்காரா மின்சாரமும் அதன் பின்னால் மோயாறு மின்சாரமும் வந்தபோது வேலைக்கென்று தமிழர், மலையாளிகள், கன்னடக்காரர் ஆகியோர் வந்து சேர்ந்தார்கள். மலைமேல் படகர் ஊர்கள். தேயிலைத் தோட்டங்களிலோ 1964-ம் வருஷ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று சர்க்கார் கணக்கிட்டிருக்கும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு கூட்டத்தாரும் இந்த ஒரு ஜில்லாவிலேயே இருக்கிறார்கள். ஆகவே எங்கள் வகுப்பில் முப்பது பிள்ளைகள் உட்கார்ந்தால் ஐந்தாறு வீட்டு பாஷைகள் உட்கார்ந்திருக்கும்.

இப்பேர்ப்பட்ட இடத்தில் பள்ளிக்கூடம் என்ன செய்கிறது?

என்னுடன் வேலை பார்த்த ஒருவர், 'பால்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'ஹாலு' என்று எழுதிய படகர் வீட்டுப் பையனைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிற்கவைத்தார். பையன் செய்த குற்றம் என்ன? தமிழில் 'ப' என்று தொடங்கும் சொற்கள் பல அவன் பாஷையிலும் கன்னடத்திலும் 'ஹ' என்று தொடங்கும். நமக்குப் பால் என்றால் அவனுக்கு ஹாலு. நமக்குப் பல் என்றால் அவனுக்கு ஹல்லு. நாம் பட்டி என்பதைத்தான் அவன் ஹட்டி என்கிறான். இது ஒழுங்கான விதி. பிழையல்ல, நாக்குத் தடுமாற்றமுமல்ல. தோடர், கோத்தர் பாஷைகள் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று கால்டுவெல் 1856-லேயே எழுதிவைத்தார். எமனோ என்கிற அறிஞர் அன்னிய நாட்டிலிருந்து வந்து 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, தோடர், கோத்தர் பாஷைகளைக் கற்றார். வெளிநாட்டார் கப்பலேறி வந்து கற்றுக்கொண்டு போகும் பாஷைகளின் உறவுக்காரப் பாஷையை, சம்பளம் வாங்கும் உபாத்தியாயர் "கொச்சை" என்று சொல்லி அடக்கினால், அறிவீனம் பையனுடையதா, நம்முடையதா என்று கேட்கிறேன்.

நிற்க, பிறரை மாத்திரம் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய மனிதர்கள் சிலர் வருவதாகத் தகவல் வந்தது. உடனே "பழங்குடிப் பிள்ளைகளின் ஆட்டம் வையுங்கள்" என்று உத்தரவு. குறும்பர் பையன் ஒருவனையும் இன்னும் சிலரையும் கணக்கு வகுப்பிலிருந்து நான்தான் எழுப்பி, ஒரு வாரம் ஒத்திகைக்கு அனுப்பினேன். வந்தவர்கள் கை தட்டினார்கள், படம் பிடித்தார்கள், "நமது பண்பாட்டுச் செல்வம்" என்று பிரசங்கம் செய்தார்கள், மத்தியானத்துக்குள் போய்விட்டார்கள். அதன்பிறகு அந்தப் பையன் பள்ளிக்கூடம் வரவில்லை. விட்டுப்போன பாடம் அவனுக்குப் பிடிபடவில்லை என்று பிறகு தெரிந்தது. நான் வீடு தேடிப் போனபோது அவன் தகப்பனார் சொன்னார்: "ஆட்டத்தை அவன் எங்ககிட்டயே கத்துக்குவான் சார். கணக்குக்குத்தான் உங்ககிட்ட அனுப்பினேன்."

நான் படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகவில்லை.

யோசித்துப் பாருங்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளையை, வக்கீல் வீட்டுப் பிள்ளையை எவராவது கணக்கு வகுப்பிலிருந்து எழுப்பி, "உன் பாட்டன் உடையைக் கட்டிக்கொண்டு வந்து ஆடு" என்று சொல்லுவார்களா? அவனுக்குப் பரீட்சை, இவனுக்குப் பண்பாடு! அவனுக்கு உத்தியோகம்; இவனுக்குக் கைத்தட்டல்! முதுமலைக்கு வரும் உல்லாசப் பயணிக்கு யானையையும் மானையும் காட்டுவது போல், பள்ளிக்கூடத்தில் மனிதப் பிள்ளையைக் காட்டுவதற்குப் பெயர் பண்பாட்டை மதிப்பதா? விருப்பப்பட்டு ஆடட்டும், எல்லோருடனும் சேர்ந்து ஆடட்டும், பாடம் முடிந்த பிறகு ஆடட்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவனுக்கு இருக்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "பன்மை, பன்மை" என்று பேசும் சிலர், பாஷை வேற்றுமையோடு ஜாதி வேற்றுமையையும் ஒரே மூட்டையாகக் கட்டி, இதுவும் நமது கலாசாரம் என்று விற்கப் பார்க்கிறார்கள். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்ததற்கும் வழக்கம், ஆசாரம் என்றுதான் சமாதானம் சொல்லப்பட்டது. 1925-ல் தமிழ்நாடே அதைப்பற்றிச் சண்டையிட்டது. நூறு வருஷமாகியும் வியாதி தீர்ந்ததா? 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். நீதிபதி சந்துரு அவர்கள் 2024-ல் சர்க்காருக்குக் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களில் ஜாதி கூடாது, கையில் ஜாதிக் கயிறு கூடாது என்றெல்லாம் சொல்லவேண்டியதாயிற்று. பாஷை ஒருவனுக்கு ஒன்றைக் கூட்டிக் கொடுக்கிறது. ஜாதியோ இன்னொருவனிடமிருந்து பிடுங்குகிறது. முன்னது வளரவேண்டியது, பின்னது ஒழியவேண்டியது. இரண்டும் ஒன்றாகுமா?

அப்படியானால் என்னதான் செய்வது?

அரசியல் சட்டத்தில் 1956-ல் சேர்க்கப்பட்ட 350-ஏ என்கிற பிரிவு, சிறுபான்மை பாஷைப் பிள்ளைகளுக்கு ஆரம்ப வகுப்பில் தாய்பாஷையில் கற்பிக்க வசதி செய்ய முயலவேண்டும் என்கிறது. ஒடிசா சர்க்கார் பழங்குடி பாஷைகளில் பாடம் தொடங்கி வருஷங்கள் பலவாகின்றன. இங்கே குறைந்தபட்சம் முதல் இரண்டு வகுப்புகளுக்காவது, அந்தந்தக் குடியிருப்பில் படித்த இளைஞர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து வகுப்பில் உட்காரவைக்கலாகாதா? வரும் உபாத்தியாயர் ஒரு நூறு சொல்லாவது அந்தப் பாஷையில் கற்றுக்கொண்டால் தலை போய்விடுமா?

அதற்காகத் தமிழும் இங்கிலீஷும் கணக்கும் அவர்களுக்குக் குறைவாய் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. குறைவாய்க் கொடுப்பதுதான் மோசடி. 2006-ம் வருஷ வன உரிமைச் சட்டத்தின்படி தன் நிலத்துக்கு மனுப் போடவும், ஆஸ்பத்திரிச் சீட்டைப் படிக்கவும், ரேஷன் கடைக்காரன் கணக்கைச் சரிபார்க்கவும் அவர்களுக்குப் படிப்பு வேண்டும். தாய்பாஷை ஏறும் படியாக இருக்கவேண்டுமே தவிர, அடைத்து வைக்கும் வேலியாக ஆகிவிடக்கூடாது.

ஆகவே உபாத்தியாயத் தோழர்களே! உங்கள் வகுப்பில் எத்தனை பாஷை, எத்தனை உடை, எத்தனை ஆட்டம் என்று எண்ணிப் பெருமைப்படுவதற்கு முன், எத்தனை பிள்ளைகள் நடுவில் நின்றுவிட்டார்கள், அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்குத்தான் பள்ளிக்கூடத்தின் யோக்கியதையைக் காட்டும். அந்தத் தகப்பனார் நம்மிடம் கேட்டதும் கணக்குத்தான்.