யுத்தக் கப்பலின் கடிகாரம்

ஓசூர் கைக்கடிகாரத்துக்குப் பெயர் பெற்ற ஊர். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமத்தாரும் கூடி 1984-ம் வருஷத்தில் ஸ்தாபித்த டைட்டன் கம்பெனியின் தொழிற்சாலை, கர்நாடக எல்லையோரத்து அவ்வூரைப் பலரும் அறியச் செய்தது. கைக்கடிகாரம் ஒரு நிமிஷம் பிந்தினால் ரயில் தவறிப்போகும், அவ்வளவே. யுத்தக் கப்பலின் கடிகாரம் ஒரு க்ஷணம் பிந்தினால் கப்பலே போய்விடக்கூடும். இவ்விஷயத்தில் நமது தேசத்தின் நிலைமையைப் பொது ஜனங்கள் அறிந்துகொள்வது அவசியமென்று கருதுகிறோம்.

இக்காலத்து யுத்தக் கப்பலில் ராடார், சோனார், பீரங்கி, ஏவுகணை ஒவ்வொன்றையும் ஒரு கம்ப்யூட்டர் நடத்துகிறது. அவை யாவும் ஒரே வலையில் பிணைக்கப்பட்டிருக்கின்றன. பகைவனுடைய ஏவுகணை இந்தக் க்ஷணத்தில் இந்த இடத்தில் இருந்தது என்று ராடார் சொல்ல, அச்சொல்லை நம்பிப் பீரங்கி சுடவேண்டும். ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் வரும் ஏவுகணை ஒரு செகண்டில் சுமார் 1 கிலோமீட்டர் கடக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர்களின் கடிகாரங்கள் செகண்டில் பத்திலொரு பங்கு வேறுபட்டால், குறி 100 மீட்டர் தவறும். கம்ப்யூட்டருக்குள்ளிருக்கும் குவார்ட்ஸ் கடிகாரமோ நாளொன்றுக்கு ஒரு செகண்டு வரையிலும் தடுமாறக்கூடியது. ஆகையால் அவை யாவும் ஒரு தலைமைக் கடிகாரத்தை அடிக்கடி விசாரித்து, செய்தி வந்து சேர்ந்த காலத்தையும் கழித்து, தம்மைத் திருத்திக்கொள்கின்றன.

அந்தத் தலைமைக் கடிகாரத்துக்கு நேரம் சொல்பவர் யார்? உலகத்து வலைகளிற் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்க சர்க்காரின் ஜி.பி.எஸ். கோள்களே நேரம் சொல்லுகின்றன. இலவசமாகக் கிடைப்பதை ஏன் மறுக்கவேண்டும் என்பாருக்கு இரண்டு சம்பவங்களை ஞாபகப்படுத்துகிறோம். 2016-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி, நாம் குடியரசு தினம் கொண்டாடிய அன்று, பழைய கோள் ஒன்றை விலக்குகையில் நேர்ந்த பிழையால், அக்கோள்களிற் பல சுமார் 13 மைக்ரோ செகண்டு தவறான நேரத்தை அறிவித்தன. பல தேசங்களின் டெலிபோன் வலைகளில் எச்சரிக்கைகள் எழுந்தன. அது கைப்பிழை. 2017 ஜூனில் கருங்கடலில் சென்ற சுமார் இருபது கப்பல்களின் கருவிகள், அவை கரையிலுள்ள விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டின. அது பொய்ச் சமிக்ஞையின் வேலை என்பது நிபுணர் அபிப்பிராயம். கோள்களின் நேரத்தைக் கொண்டே இடம் கணக்கிடப்படுவதால், இடத்தைப் பொய்யாகச் சொல்லவல்லவன் நேரத்தையும் பொய்யாகச் சொல்லவல்லவன்.

நமக்கென்று நாவிக் கோள்கள் இல்லாமலில்லை. ஆனால் 2013-ல் ஏவிய முதற் கோளில், வெளிநாட்டில் வாங்கி வைத்த அணுக் கடிகாரங்கள் மூன்றும் பழுதடைந்தன. பாடம் கற்ற நமது விஞ்ஞானிகள் சுதேசி ருபிடியம் கடிகாரம் செய்து, 2023 மே 29-ந் தேதி என்.வி.எஸ்.-01 கோளில் அனுப்பினர். 2025 ஜனவரி 29-ந் தேதி ஏவிய அடுத்த கோளோ உரிய ஸ்தானத்தை அடையவில்லை.

சர்க்கார் செய்யவேண்டியவை மூன்று. நாவிக் கோள்களின் தொகையைத் தாமதமின்றி நிரப்பவேண்டும். கோள்களின் சமிக்ஞை அறுந்தாலும் நேரம் பிசகாதபடி, யுத்தக் கப்பல்தோறும் சுதேசி அணுக் கடிகாரம் வைக்கவேண்டும். நுட்ப வேலையில் கை பழகிய ஓசூர், கிருஷ்ணகிரிப் பிரதேசத்துத் தொழிற்சாலைகளுக்கு நேரக் கருவிகள் செய்ய நீண்டகால ஆர்டர்கள் கொடுக்கவேண்டும். ஆர்டர் கொடாமல், சுதேசித் தொழில் வளரவில்லையென்று அங்கலாய்ப்பது நியாயமன்று.

சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் நேரப்படி இந்திய ரயில்கள் ஓடிய காலம் ஒன்றுண்டு. 1906-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி பிரிட்டிஷ் ஆட்சியார் இந்தியாவுக்குப் பொது நேரம் வகுத்தனர். அதே வருஷத்தில்தான் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். கப்பல் நமதாக வேண்டுமென்று அவர் செக்கிழுத்தார். இன்று கப்பல் நமது. அதன் கடிகாரமும் நமதாகும்வரை அவர் தொடங்கிய காரியம் முடிந்துவிட்டதாக நாம் எண்ணுவதற்கில்லை.