கமாரோ திரும்பி வந்தால், எந்தக் கமாரோ?

'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படங்களில் இயந்திர மனிதனாக உருமாறும் மஞ்சள் கார் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதுதான் செவர்லே கமாரோ. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள லான்சிங் நகரில் அதன் உற்பத்தி 2023 டிசம்பரில் முடிவுக்கு வந்தது. அதைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ், உடனடியாக அடுத்த மாடல் வராது என்றாலும் கமாரோவின் கதை முடிந்துவிடவில்லை என 2023 மார்ச்சிலேயே கூறியிருந்தது. அந்த ஒரு வார்த்தையை நம்பி ரசிகர்கள் இன்றும் காத்திருக்கிறார்கள்.

அவர்களின் நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. ஃபோர்டு மஸ்டாங்கிற்குப் போட்டியாக 1966இல் வந்த கமாரோ, 2002இல் ஒருமுறை நிறுத்தப்பட்டு, 2009இல் மீண்டும் வந்தது. அந்த ஆண்டுதான் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் பாதுகாப்பு கோரியது. அப்படிப்பட்ட நெருக்கடியிலும் வந்த கார், 2010 முதல் 2014 வரை அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் மஸ்டாங்கைவிட அதிகமாக விற்றது.

ஆனால், அன்று அது திரும்பி வந்ததற்கு ரசிகர்களின் அன்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு காருக்கான அடித்தளத்தைப் புதிதாக உருவாக்கப் பெரும் பணம் தேவை. 2009 கமாரோவின் அடித்தளம் ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் நிறுவனம் தன் குடும்பக் காருக்காக உருவாக்கியது. செலவு பகிரப்பட்டதால் கணக்கு சரியாக வந்தது. கமாரோவின் இரட்டைப் பிறவியான போன்டியாக் ஃபயர்பேர்டும் 2002இல்தான் நின்றது. அதற்கும் ரசிகர்கள் குறைவில்லை. ஆனால், போன்டியாக் என்ற முத்திரையே பிறகு மூடப்பட்டதால் அது திரும்பவே இல்லை.

இன்றைய கணக்கு இன்னும் கடினமானது. 2014இல் 86,000க்கு மேல் விற்ற கமாரோ, 2023இல் 31,000 அளவுக்குச் சரிந்தது. குறுகிய பின்னிருக்கை கொண்ட இரண்டு கதவுக் காரைவிட, குடும்பத்தோடு ஏறிச் செல்லும் எஸ்யூவியையே மக்கள் விரும்புகிறார்கள். காரை ரசித்தவர்கள் பலர். காட்சிக்கூடத்திற்குச் சென்று பணம் கட்டியவர்கள் சிலர்.

எனவே, கமாரோ என்ற பெயர் திரும்பினாலும் அது வேறு உருவில் வரலாம் என்பதே என் கணிப்பு. செவர்லே தன் பழைய 'பிளேசர்' பெயரை இப்படித்தான் புதிய எஸ்யூவிக்குச் சூட்டியது. ஃபோர்டும் மஸ்டாங் பெயரில் 'மாக்-ஈ' என்ற மின்சார எஸ்யூவியை விற்கிறது. 2024இல் அமெரிக்காவில் அது அசல் மஸ்டாங்கையே விற்பனையில் முந்தியது. ஆனாலும் ஃபோர்டு, அசல் காரைக் கைவிடவில்லை. பழைய ரசிகர்களுக்கு ஒன்று, புதிய வாடிக்கையாளர்களுக்கு ஒன்று என இரண்டையும் வைத்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸிடம் இப்போது அந்த அசல் கார் இல்லை. அதனால் நான்கு கதவு எஸ்யூவி ஒன்றுக்குக் கமாரோ பெயர் வைத்தால், ரசிகர்களுக்கு ஆறுதலாக மிஞ்சுவது எதுவும் இருக்காது.

கமாரோ எப்போது வரும் என்று கேட்பவர்கள், அதன் அடித்தளத்தை எந்தக் காரோடு பகிரப் போகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். அதற்குப் பதில் கிடைக்கும் நாளில்தான் கமாரோ உண்மையிலேயே வரும் என நம்பலாம்.