எல்லா ஒயரும் சிவப்பு

"பழைய வண்டின்னா இப்படித்தான் சார்." இந்த வாரம் முழுக்க என்னை எரிச்சலில் வைத்திருக்கும் வாக்கியம் இது. ஞாயிற்றுக்கிழமை காலை காமராஜர் சாலையில் பழைய கார்களின் அணிவகுப்பு. ஆஸ்டின், மாரிஸ், டாட்ஜ் என்று வரிசை நகர்ந்துகொண்டிருக்க, கலங்கரை விளக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஓரங்கட்டி நின்றது. புத்தம்புது பெயின்ட், புது சீட், கண்ணைப் பறிக்கிற குரோம். ஓட்டி வந்த இளைஞரின் முகம் வாடியிருந்தது. தாத்தா வாங்கிய வண்டியாம். பல வருடம் ஷெட்டில் கிடந்ததை எடுத்து, லட்சக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்திருக்கிறார். வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

பழையது என்பதற்காக எந்த வண்டியும் நிற்பதில்லை. ஏதோ ஒரு இடத்தில் கரண்ட் போகவில்லை, அதனால் நிற்கிறது. அந்த இடம் எது என்று தேடப் பொறுமை இல்லாதவர்கள்தான் வண்டியின் வயசைக் குறை சொல்கிறார்கள்.

"ஐடில்ல நல்லா நிக்குது சார், ஆக்சிலேட்டர் மிதிச்சா மிஸ் அடிச்சு ஆஃப் ஆகுது" என்றார் அந்தத் தம்பி. காயில், கண்டென்சர், பாயிண்ட், பிளக், ரோட்டர் எல்லாமே இரண்டு தடவை மாற்றியாகிவிட்டதாம். பானெட்டைத் தூக்கினார். ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினில் கை வைக்கலாம். மிக்கெலாட்டி என்ற இத்தாலியர் வரைந்த வண்டி. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டாக வந்து, 1961 முதல் நம் மெட்ராஸிலேயே ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரானது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அத்தோடு அணிவகுப்பு எனக்கு மறந்துபோனது.

எல்லா ஒயரும் சிவப்பு. காயிலுக்குப் போவது சிவப்பு, ஹெட்லைட்டுக்குச் சிவப்பு, ஹாரனுக்குச் சிவப்பு, எர்த்துக்கும் சிவப்பு. புதுப்பித்தவர்கள் ஒரே நிறத்தில் கட்டுக்கட்டாக ஒயர் வாங்கி வண்டி முழுக்க இழுத்து, மேலே கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

இதை எப்படி மன்னிப்பது? அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை உண்டு. பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது, சாவி போடாவிட்டாலும் அதில் உயிர் இருக்கும். சாவியைத் திருப்பினால் கரண்ட் வருவது வெள்ளை. காயிலுக்குப் போவது அதுதான். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெள்ளையில் கறுப்புக் கோடு. வெள்ளை பியூஸைத் தாண்டியதும் பச்சையாகிவிடும். பச்சையில் சிவப்புக் கோடு ஓடினால் இடது இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு ஓடினால் வலது, ஊதாக் கோடு ஓடினால் பிரேக் லைட். ஹெட்லைட் நீலம்: வெள்ளைக் கோடு பிரைட்டுக்கு, சிவப்புக் கோடு டிம்முக்கு. சைடு லாம்புக்கும் பின்விளக்குக்கும் சிவப்பு. கறுப்பு என்றால் எர்த். இவ்வளவுதான். இதை மனப்பாடம் செய்தவன், முன்பின் பார்த்திராத வண்டியில்கூட நடு ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று சொல்லிவிடுவான். பெயின்டின் நிறம் மாறிவிடக் கூடாது என்று பழைய விளம்பரப் படங்களைத் தேடி அலைகிறவர்கள், பானெட்டுக்கு அடியில் இருக்கும் இந்த நிறங்களைக் குப்பையில் போடுகிறார்கள். பெயின்ட் பார்ப்பதற்கு. ஒயரின் நிறம் வண்டி நின்றுபோகும் நாளுக்கு. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். அந்த ஹெரால்டைப் புதுப்பித்தவர்கள் அதன் வரைபடத்தையே அழித்துவிட்டார்கள்.

புதுப்பேட்டை பாய், பழைய வண்டிகளின் கோளாறைப் பொறுமையாகத் தேடிக் கண்டுபிடிக்கும் மெக்கானிக். மறுநாள் வண்டியை அவரிடம் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். தம்பி ஒரு பை நிறைய புது ஸ்பேர் கொண்டுவந்திருந்தார்.

"பையை ஓரமா வைங்க தம்பி. கரண்ட் எது வரைக்கும் வருதுன்னு மொதல்ல பாக்கலாம்."

"மீட்டர் இருக்கா பாய்?"

"இருக்கு. இதுக்கு லாம்ப் போதும்."

12 வோல்ட் பல்பு ஒன்று, அதிலிருந்து இரண்டு ஒயர். அதுதான் டெஸ்ட் லாம்ப். ஒரு முனையை எர்த்தில் மாட்டினார். மறுமுனையைக் காயிலில் வெள்ளை ஒயர் சேர வேண்டிய டெர்மினலில் வைத்ததும் பல்பு எரிந்தது. அதுவரை கரண்ட் சரி. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து டெர்மினலுக்கு மாற்றிவிட்டு இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றச் சொன்னார். பாயிண்ட் திறக்கும்போது எரிந்தது, மூடும்போது அணைந்தது. பேட்டரியும் காயிலும் பாயிண்டும் கொண்ட இந்த இக்னிஷனை அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910ஐ ஒட்டி கேடிலாக் கார்களுக்காக உருவாக்கினார். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் காந்தப்புலம் சேரும். திறந்த நொடியில் அது சரிந்து, 12 வோல்ட் பல ஆயிரம் வோல்ட்டாகி பிளக்கில் பொறியாகும். நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் பாயிண்ட் விநாடிக்கு 100 தடவை திறந்து மூட வேண்டும். திறக்கும் இடைவெளி 15 தவு, அதாவது 0.4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

இதுவரை குறை எதுவும் இல்லை. பாயிண்ட் மூடி, லாம்ப் அணைந்திருக்கும் நிலையில் நிறுத்தினார். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் டியூபைக் கார்பரேட்டரிலிருந்து கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சினார். உள்ளே பாயிண்டைத் தாங்கும் தட்டு இம்மியளவு திரும்பியது. லாம்ப் எரிந்தது!

பாயிண்ட் மூடித்தான் இருக்கிறது, ஆனால் எர்த்துக்குப் போகும் வழி அறுந்துவிட்டது என்று பொருள். அந்தத் தட்டையும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பையும் இணைக்க விரல் நீளம்கூட இல்லாத ஒரு சின்ன ஒயர் உண்டு. வெளியே நூல் உறை, உள்ளே மயிரிழை போன்ற செம்பு. ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் தட்டு திரும்ப, இதுவும் மடங்கி நிமிரும். வருடக்கணக்கில் மடங்கியதில் செம்பு உள்ளுக்குள் இற்றுப்போயிருந்தது. உறை மட்டும் முழுசாக இருந்தது. ஐடிலில் நுனியோடு நுனி தொட்டுக்கொண்டிருக்கும். தட்டு திரும்பினால் விலகிவிடும். பாயிண்டையும் கண்டென்சரையும் மாற்றியவர்கள் யாரும் இதைத் தொடவில்லை, ஏனென்றால் இது டப்பாவில் வரும் ஸ்பேர் இல்லை. பாய் நெளியும் ஒயர் ஒன்றை வெட்டிப் பற்றவைத்தார். வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது.

அவர் அதோடு விடவில்லை. செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது. இன்ஜினிலிருந்து சேஸுக்கு வரும் எர்த் பட்டையைப் புதுப் பெயின்டின் மேலேயே முறுக்கியிருக்கிறார்கள். பெயின்ட் கரண்டை விடாது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் அத்தனை கரண்டும் வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. உப்புத்தாளால் பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு போல்ட்டை முறுக்கினார். மங்கலாக எரிந்துகொண்டிருந்த ஹெட்லைட்டுகளின் எர்த்துக்கும் இதே வைத்தியம்தான். புதுப்பித்த வண்டிகளில் பாதித் தொல்லை பெயின்டுக்கு அடியில் இருக்கிறது என்பது அவர் கணக்கு. நான் பார்த்தவரை அது சரி.

இங்கிலாந்தில் லூகாஸ் கம்பெனியின் மின்கருவிகளைக் கேலி செய்து எத்தனையோ ஜோக்குகள் உண்டு. இருட்டின் இளவரசன் என்றே பட்டம். அதில் எனக்கு உடன்பாடில்லை. 1961இல் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கப்பட்ட இந்த ஊரில் அந்த டிஸ்ட்ரிபியூட்டர்களோடு எத்தனையோ வண்டிகள் நன்றாகவே ஓடியிருக்கின்றன. ஒழுங்கான எர்த்தும் இறுக்கமான டெர்மினலும் கொடுத்துவிட்டுப் பிறகு குறை சொல்லட்டும்.

தம்பி ஒயரிங்கை முழுக்கப் பிரித்துச் சரியான நிறங்களில் மறுபடி போட ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். கோடு போட்ட ஒயர் கிடைக்காத இடங்களில், இரண்டு முனையிலும் அந்தந்த நிற ஸ்லீவ் மாட்டலாம் என்று பாய் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக, பாசிட்டிவ் எர்த் வண்டியை நெகட்டிவுக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கும் வாசகருக்கு: தாராளமாக மாற்றலாம். செல்ஃப் மோட்டாரும் பல்புகளும் கண்டுகொள்ளாது. காயிலின் இரண்டு சின்ன ஒயர்களையும் இடம் மாற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் பொறி பலவீனமாகும். பழைய ஆம்மீட்டர் இருந்தால் அதன் ஒயர்களையும் மாற்றுங்கள். டைனமோவை மறுபடி போலரைஸ் செய்யாமல் வண்டியை ஓட்டாதீர்கள். பழைய ரேடியோ இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் பேட்டரிக்குப் பக்கத்தில் 'நெகட்டிவ் எர்த்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அடுத்து பானெட்டைத் தூக்குகிறவருக்கு அது தெரிய வேண்டும்.