பின்கோடு பார்த்துப் பிரித்தால் போதுமா?



மதுரையில் நம் மொத்த வியாபாரிகளிடையே ஒரு புதுப் பேச்சு அடிபடுகிறது. "சி.ஆர்.எம். போட்டாச்சா அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். போனிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு கடைக்காரர் சரக்கு விசாரித்தால், அவர் எந்த ஊர் என்று பார்த்து, அந்த ஊருக்குரிய விற்பனையாளரின் செல்போனுக்குக் கம்ப்யூட்டர் அதுவாகவே அனுப்பிவிடும். முதலாளி உட்கார்ந்து பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை. என் மகன் வற்புறுத்தி இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் கடையிலும் போட்டோம்.

நான் இதற்கு விரோதி அல்ல. முன்பெல்லாம் போன் பக்கத்தில் ஒரு நோட்டு கிடக்கும். எடுத்தவர் எழுதுவார். நல்ல பார்ட்டி கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குப் போகும். வசூல் இழுக்கிற ஊர் புதுப் பையன் தலையில் விழும். அந்தப் பாரபட்சத்தை நானும் செய்திருக்கிறேன். மூன்று நாள் கழித்துத்தான் நோட்டைப் பார்ப்போம். அதற்குள் அந்தக் கடைக்காரர் வேறு மண்டியில் சரக்கு எடுத்திருப்பார். இந்த இரண்டு கோளாறும் இப்போது குறைந்துவிட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் வருத்தம், ஊரை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில்தான். மென்பொருள் போட வந்த இளைஞர், பின்கோட்டின் முதல் மூன்று எண்களை வைத்து ஒரு பட்டியல் போட்டுவிட்டுப் போனார். 625 என்றால் ஒருவர், 630 என்றால் காரைக்குடி லைன்காரர், 623 என்றால் இராமநாதபுரம் லைன்காரர். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று தபால் இலாகா கொண்டுவந்தது. கடிதங்களைப் பிரிப்பதற்காக ஏற்பட்ட எண் அது. முதல் மூன்று எண்கள் கடிதம் எந்த வட்டாரத்தில் பிரிக்கப்பட வேண்டும் என்று சொல்லும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் தபாலாபீஸைச் சொல்லும். நம் லாரி போகிற ரோட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பாருங்கள், மதுரை 625001. கம்பம் 625516. நடுவில் 100 கி.மீ.க்கு மேல் தூரம் இருக்கிறது. கம்பம் இன்று தேனி மாவட்டம். ஆனாலும் முதல் மூன்று எண்கள் ஒன்றே. திருப்புவனமோ மதுரையிலிருந்து சுமார் 20 கி.மீ.தான். அதன் எண் 630611. காரைக்குடி 630001. ஆகவே கம்ப்யூட்டர் கணக்கில் திருப்புவனம் காரைக்குடியோடு சேர்த்தி! பரமக்குடிக்குப் பஸ் ஏறுகிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் திருப்புவனம் தாண்டித்தான் போகிறோம் என்று சொல்லும். காரைக்குடிக்குப் போகிறவர் மேலூர் வழியாகப் போகிறார். அவர் திருப்புவனத்தைப் பார்ப்பதே இல்லை.

இதனால் நேர்ந்ததைச் சொல்கிறேன். திருப்புவனத்தில் எங்களிடம் 22 வருடமாகப் பற்று வைத்திருந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர். 15 நாள் தவணை. ஒரு தடவை தவறியதில்லை. அவர் மகன் தனியாகக் கடை திறக்கும்போது, துவரம் பருப்பு, உளுந்து, சீனி வேண்டுமென்று தன் செல்போனிலிருந்து விசாரித்திருக்கிறார். அது புது நம்பர். ஆகவே புதுப் பார்ட்டி என்று காரைக்குடி லைன்காரருக்குப் போய்விட்டது. அவருக்கு ஆள் யார் என்று தெரியாது. எங்கள் கடை விதிப்படி, புதுப் பார்ட்டி என்றால் ரொக்கம், பாதி முன்பணம் என்று போனிலேயே சொல்லியிருக்கிறார். அவர் மேல் குற்றமில்லை.

அடுத்த வாரம் தகப்பனார் பாக்கி முழுவதையும் ஒரே தடவையில் தீர்த்துவிட்டார். வியாபாரத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இராமநாதபுரம் லைன் பார்க்கும் எங்கள் விற்பனையாளர் 19 வருடமாக எங்களோடு இருப்பவர். "நான் வாராவாரம் அந்தக் கடை வாசல்லதான் பஸ் இறங்குறேன் முதலாளி. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அவருக்குக் கமிஷன் போனது ஒரு பக்கம். அந்த ஊரில் அவருக்கு இருந்த முகம் போனதுதான் பெரிது.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு விற்பனையாளர்களையும் உட்கார வைத்துப் பட்டியலைத் திருத்தினோம். இரண்டு மணி நேரம்தான் ஆயிற்று. முதல் மூன்று எண்களை விட்டுவிட்டு, ஆறு எண்களையும் முழுதாக எழுதி, எந்த ஊர் எந்த ரோட்டில் இருக்கிறதோ அந்த லைனில் சேர்த்தோம். ஊர்ப் பெயரை மட்டும் நம்பலாம் என்று ஒருவர் சொன்னார்; அதுவும் ஆகாது. பட்டுக்குப் பேர்போன திருபுவனம் ஒன்று கும்பகோணம் பக்கம் இருக்கிறதே!

அதைவிட முக்கியம், பேரேட்டைப் பார்த்த பிறகே ஊரைப் பார்க்கும்படி விதியை மாற்றியது. எங்கள் மென்பொருள் விதிகளை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் பொருந்துவது எதுவோ அதன்படி அனுப்பிவிடும். ஆகவே பற்று உள்ளவரா என்பது முதல் விதி, ஊர் இரண்டாவது. ஒவ்வொரு கணக்கிலும் கடைக்காரரின் மகன், தம்பி நம்பர்களையும் கணக்குப்பிள்ளை ஏற்றி வருகிறார். நாள் பிடிக்கும் வேலை. ஆனால் மென்பொருள் விற்பவர்கள் இதைச் செய்து தரமாட்டார்கள்.

இன்னொன்று. பின்கோடு போடாத விசாரிப்புகள் எந்த விதியிலும் பொருந்தாமல் என் மகன் பெயரில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. ஒருநாள் திறந்து பார்த்தால், 11 நாள் பழசெல்லாம் அதில் கிடந்தது. நோட்டில் கிடந்தால் கண்ணிலாவது படும். இப்போது கடை சாத்துமுன் நானே அதைப் பார்க்கிறேன்.

இந்த மென்பொருளை வாங்க நினைக்கும் அன்பர்கள், பணம் கட்டுமுன் தங்கள் லைன் பையன்களைக் கூப்பிட்டு ஊர்ப் பட்டியலை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன்.

திருப்புவனத்துக்கு நானே நேரில் போய் வந்தேன். தகப்பனார் காபி வாங்கிக் கொடுத்தார், ஆர்டர் கொடுக்கவில்லை. எங்கள் விற்பனையாளர் இன்றும் அந்த வாசலில்தான் பஸ் இறங்குகிறார். வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்.