தாளில் எழுதிய அமைதி

கோவில்பட்டிக்குக் கிழக்கே முதுகுளத்தூர் வரை கரிசல் ஒன்றே. மாந்தர்தாம் ஒன்றாக இல்லை!

1957 செப்டம்பர் 10ஆம் நாள் முதுகுளத்தூரில் கலெக்டர் அமைதி மாநாடு கூட்டினார். தலைவர்கள் வந்தனர், பேசினர், கலைந்தனர். அதில் கலந்துகொண்ட இம்மானுவேல் சேகரன், மறுநாள் இரவே பரமக்குடியில் வெட்டி வீழ்த்தப்பட்டார். 14ஆம் நாள் கீழத்தூவலில் போலீசார் சுட்டதில் ஐவர் மாண்டனர். பேச்சு முறிந்தது மேலிடத்தில். வாழ்வு முறிந்தது இருபுறத்துக் குடிசைகளிலும்!

பேச்சு ஏன் தோற்றது என்று ஆராய்வர் அறிஞர். பருத்திக்காட்டில் குனிந்து நிற்கும் எளியவன் கேட்பதோ வேறு: தண்ணீர் பொதுவா? தெரு பொதுவா? சுடுகாடாவது பொதுவா?

தோழர்களே! சமத்துவம் இல்லாத சமாதானம் தாளில் வாழும், தரையில் வாழாது. தலைவர்களின் கையெழுத்துக்குக் காத்திராதீர். உங்கள் ஊர்க் கிணற்றடியில் தொடங்குங்கள்!