அசுரன் எலும்பும் அணுவின் அப்பனும்

ஆண்டுக்கு நாலு தடவையாவது இந்தச் சண்டை வந்துவிடுகிறது. “டெமாக்ரிட்டஸெல்லாம் சும்மா, எங்க ஆசீவகர் எப்பவோ அணுவைச் சொல்லிட்டாங்க” என்று ஒருவர் பதிவு போடுவார். கூடவே மணிமேகலையிலிருந்து நாலு வரி. இன்னொருவர் வந்து, “அறிவியல்னா கிரேக்கத்துல பொறந்தது, மத்ததெல்லாம் மதம்” என்பார். பிறகு விடிய விடிய மறுமொழிகள். அந்த அணு எதற்காகச் சொல்லப்பட்டது, நமக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று ஒருவர்கூடக் கேட்கமாட்டார்.

இரண்டு தரப்புக்கும் அறிவியல் என்பது பட்டா நிலம். யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது மட்டும்தான் வழக்கு. விழுப்புரம் மாவட்டத்துக்காரனுக்கு வரப்புத் தகராறு புதிதில்லை. ஆனால் எங்கள் ஊரில் வரப்புக்கு அடித்துக்கொள்கிறவன் அந்த நிலத்தில் பயிராவது வைப்பான்.

முதலில் அந்த அணுவையே பார்த்துவிடலாம். மணிமேகலையின் 27ஆம் காதையில் ஆசீவகர் தன் கொள்கையைச் சொல்கிறார். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்று ஐவகை அணுக்கள். அவை புதிதாகத் தோன்றுவதில்லை, அழிவதில்லை, பிளப்பதில்லை. தனி அணுவைத் தெய்வக்கண் உள்ளவர்தான் காணமுடியும். மற்றவர்களுக்குத் திரண்டால்தான் தெரியும். இதற்கு அவர் தரும் உவமை அருமையானது: அந்தி நேரத்தில் ஒற்றை மயிர் கண்ணுக்குப் படாது, கற்றையாக இருந்தால் படும். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் டெமாக்ரிட்டஸ் மரபிலும் இப்படி ஒரு உவமை உண்டு. ஜன்னல் வழியே விழும் வெயில் கீற்றில் மிதக்கும் தூசி. பின்னாளில் ரோமானியக் கவி லுக்ரீஷியஸ் அதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்: தூசி அப்படித் துள்ளுவதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் வந்து மோதுவது. அங்கே வெயில், இங்கே அந்தி. இருவரும் தெரிவதைக் கொண்டு தெரியாததைக் கணக்கிடப் பார்க்கிறார்கள்.

“அப்போ அங்கேருந்துதான் இங்க வந்துச்சு” என்று ஒருவர் உடனே கிளம்புவார். “இல்ல, இங்கேருந்து அங்க போச்சு” என்பார் இன்னொருவர். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு சொல்லும் சோபட்மா துறைமுகம் நம் மரக்காணம்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. பக்கத்து அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் நாட்டு மது ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மது வந்ததற்கு ஓடு இருக்கிறது. டெமாக்ரிட்டஸ் வந்ததற்கோ, ஆசீவகர் போனதற்கோ ஒரு சில்லும் இல்லை.

அதைவிட முக்கியம், இரண்டு அணுக்களுக்கும் வேலை வேறு. ஆசீவகரின் உலகம் ஊழின் உலகம்; எது எப்போது நடக்கவேண்டுமோ அப்போது நடக்கும், முயற்சிக்கு அங்கே இடமில்லை. எபிகூரஸ் கிரேக்க அணுவைக் கையில் எடுத்ததோ தெய்வ பயத்தையும் மரண பயத்தையும் தொலைக்க. அணுக்கள் காரணமில்லாமல் சற்றே விலகும் என்று ஒரு விதியை அவருடைய மரபு சேர்த்துக்கொண்டது, மனிதனின் விருப்பத்துக்கு இடம் வேண்டுமே என்று. (கார்ல் மார்க்ஸ் 1841இல் முனைவர் பட்டத்துக்கு எழுதியது டெமாக்ரிட்டஸுக்கும் எபிகூரஸுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றித்தான்.) ஒரே மாதிரியான அணு. ஒன்று கையைக் கட்டுகிறது, ஒன்று அவிழ்க்கிறது. இரண்டுமே எப்படி வாழ்வது என்பதற்கான பதில்கள். யாரும் எதையும் தராசில் வைக்கவில்லை. தராசில் வைத்தவர் டால்டன். அவருடைய நூல் 1808இல் வந்தது. அணு உண்டா இல்லையா என்ற சந்தேகம் ஒருவழியாகத் தீர்ந்தது 20ஆம் நூற்றாண்டில், ஐன்ஸ்டைனின் 1905 கட்டுரைக்கும் பெரானின் சோதனைகளுக்கும் பிறகு. ஆகவே ‘அணுவின் தந்தை யார்’ என்ற ஒரு மதிப்பெண் கேள்வியே கோளாறானது. அதற்கு டெமாக்ரிட்டஸ் என்று எழுதினாலும் தப்பு, பக்குடுக்கை நன்கணியார் என்று எழுதினாலும் தப்பு.

சரி, அப்படியானால் கிரேக்கர்கள் அறிவியலுக்கு ஒன்றுமே தரவில்லையா? தந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. யூக்ளிடின் நிரூபண முறை இல்லாமல் நியூட்டனின் 1687ஆம் ஆண்டு நூலுக்கு அந்த வடிவம் வந்திருக்காது. ஆனால் அவர்களுடைய விடைகள் பெரும்பாலும் தப்பு. எல்லாம் நீர் என்றார் தேலிஸ். எல்லையற்ற ஏதோ ஒன்று என்றார் அனாக்ஸிமாண்டர். இல்லை, காற்று என்றார் அனாக்ஸிமெனஸ். மூவரும் மிலேட்டஸ் என்ற ஒரே ஊர்க்காரர்கள், ஒருவர் வழியில் ஒருவர் வந்தவர்கள் என்று மரபு சொல்கிறது. குரு சொன்னதை வைத்துக் கும்பிடாமல் மாற்றிச் சொன்னார்களே, அங்கேதான் இருக்கிறது விஷயம். பிளேட்டோவிடம் இருபது ஆண்டு படித்த அரிஸ்டாட்டில் பிளேட்டோவையே மறுத்தார். அந்த அரிஸ்டாட்டிலையே பின்னால் வந்தவர்கள் சாமியாக்கிவிட்டார்கள் என்பது தனி வேடிக்கை. அந்தச் சாமியை 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் ஃபிலோபோனஸ் கேள்வி கேட்டார். 11ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைதம் டாலமியின் பிழைகளை எடுத்துச் சொல்லவே ஒரு நூல் எழுதினார். கலிலியோ 1638இல் வெளியிட்ட கடைசி நூல் முழுக்க ஓர் உரையாடல். அதில் அரிஸ்டாட்டில் தரப்புக்கும் ஒரு ஆள் உட்கார்ந்து பேசுகிறார். கிரேக்கச் சிந்தனை நவீன அறிவியலுக்குள் வந்த வழி பெரும்பாலும் இதுதான். அடி வாங்கி வாங்கி வந்தது.

நம் பெருமைக்காரர்கள் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. டெமாக்ரிட்டஸின் நூல் ஒன்றுகூட முழுசாக நம் கைக்கு வரவில்லை. அவர் கொள்கையில் நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு, அவரை மறுப்பதற்காக அரிஸ்டாட்டில் எழுதிவைத்தது. ஆசீவகர் கதையும் அதேதான். அவர்கள் எழுதிய நூல் எதுவும் நம்மிடம் இல்லை. அவர்கள் அணுவை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் எதிரிகள்: பௌத்த மணிமேகலை, சமண நீலகேசி, சைவரான அருணந்தி சிவாசாரியாரின் பரபக்கம். இன்று ஒருவர் ஆசீவகத்தைத் தமிழரின் அறிவியல் என்று மார்தட்டினால், அந்த மாரைத் தட்டக் கைகொடுத்தவர் ஆசீவகரைத் தோற்கடிக்க நினைத்த ஒரு புலவர். எதிரி சொன்னதை முதலில் ஒழுங்காக எழுதிவைத்துவிட்டு அப்புறம் அடிக்கும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. நம்மிடம் அது இருக்கிறதா? மறுக்கவேண்டிய பதிவை முழுசாகப் படிக்கவே நமக்குப் பொறுமை கிடையாது.

நீலகேசியைச் சும்மா புகழவும் முடியாது. பழையனூர்ப் பேய் ஒருத்தி முனிவரிடம் தோற்றுச் சமணம் தழுவி, ஊர் ஊராகப் போய்க் குண்டலகேசி, புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி என்று ஒவ்வொருவரோடும் வாதம் செய்கிற கதை. கடைசியில் பூதவாதி வருகிறான். ஐம்பூதச் சேர்க்கையைத் தாண்டி உயிர் என்று தனியாக ஒன்றும் இல்லை என்பவன், பேயை நம்பாதவன். அவனிடம் நீலகேசி தன் பழைய பேயுருவைக் காட்டி மிரட்டுகிறாள். இது வாதமா? கள்ளாட்டம். ஆனாலும் எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அது கள்ளாட்டம் என்று நாம் கண்டுபிடிக்கும் அளவுக்கு மற்ற சருக்கங்கள் நம்மைப் பழக்கிவிடுகின்றன. அதன் குறையையும் சொல்லவேண்டும். அத்தனை வாதமும் வீடுபேற்றில் போய் நிற்கிறது. ஒரு கல்லை எடுத்துப் பார்த்து முடிவு சொல்வோம் என்று யாரும் கிளம்பவில்லை. 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் உரையோடு பதிப்பித்த இந்த நூலை, ஆசீவகப் பதிவு போடும் நண்பர்களில் எத்தனை பேர் புரட்டியிருப்பார்கள்? நீலகேசியைக் காத்துவந்த தமிழ்ச் சமணர்கள் செஞ்சி, திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுடைய மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது.

கல்லை எடுத்துப் பார்க்கத் தூரம் போகவேண்டியதில்லை. திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகத் திருவக்கரை. பௌர்ணமிக்கு வக்கிரகாளிக்குக் கூட்டம் அலைமோதும். கோயிலைத் தாண்டினால் கல்மரப் பூங்கா, சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவை வக்கிராசுரனின் எலும்புகள் என்பது ஊர்க்கதை. பகுத்தறிவாளர் சிரிப்பார். சிரிக்க ஒன்றுமில்லை. கிரேக்கர்களுக்கும் அசுரன் உண்டு. தெகேயாவில் கிணறு தோண்டியபோது ஏழு முழச் சவப்பெட்டி கிடைத்ததையும், அதிலிருந்த எலும்பு வீரன் ஒரெஸ்டஸுடையது என்று ஸ்பார்ட்டாக்காரர்கள் எடுத்துப்போனதையும் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அதே கிரேக்கத்தில் ஸெனோஃபனஸ் என்று ஒருவர் இருந்தார். மலைமேல் கிளிஞ்சல் கிடக்கிறது, சைரக்யூஸ் கல்குவாரியில் மீனின் அச்சு தெரிகிறது, ஆகவே இந்த நிலம் ஒருகாலத்தில் கடலோடு கலந்த சேறாக இருந்தது என்றார். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் அதைப் பெரிதாக யாரும் தொடரவில்லை. அவர் சொன்னது நமக்குத் தெரிவதே ஹிப்போலிட்டஸ் என்ற 3ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர் எழுதிய நூலால்தான். நூலின் பெயரே எல்லாப் புறச்சமயங்களுக்கும் மறுப்பு.

திருவக்கரைக் கல்மரங்களைப் பற்றி முதலில் எழுதியவர் பிரெஞ்சு இயற்கையாளர் சோனெரா. பிறகு புவியியல் துறை வந்தது. அந்த மரங்கள் அங்கேயே வளர்ந்தவை அல்ல, வெள்ளம் வேறெங்கிருந்தோ அடித்துக்கொண்டுவந்து மணலில் புதைத்தவை என்கிறது அது. காரணம், கிடைமட்டமாகக் கிடக்கும் அந்த அடிமரங்களில் கிளையும் இல்லை, வேரும் இல்லை. அசுரன் கதையை எதைக் காட்டி மறுப்பது என்று கேட்டால் பதில் கிடையாது. புவியியல்காரர் சொல்வதை மறுப்பது சுலபம்: அந்த மண்ணில் வேர் ஓடி நிற்கிற கல்மரம் ஒன்றைக் காட்டினால் போதும்.